கம்பெனி கொடுத்த நார்

எக்ஸ்ரே படத்தை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்துவிட்டு, "உங்களுக்கு ஒண்ணுமில்லை அண்ணாச்சி, நெஞ்சு சுத்தமா இருக்கு" என்றார் டாக்டர். இருபத்தாறு வருடம் இரும்பு உருக்கும் உலைக்கு முன்னால் நின்று வெந்த இசக்கிராஜாவுக்கு அதைக் கேட்டதும் சந்தோஷம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. ஏனென்றால் அடுத்த படத்தைத் தூக்கிப் பிடித்த டாக்டர் பேச்சை நிறுத்திவிட்டார். அது சீனியம்மாளின் படம். உலை எந்தத் திசையில் இருந்தது என்றுகூடத் தெரியாத அவருடைய மனைவியின் படம்.

மூடிப்போன அந்த உருக்கு ஆலையில் வேலை பார்த்தவர்களுக்காக, சங்கரன்கோவிலில் ஒரு கல்யாண மண்டபத்தில் சோதனை முகாம் நடந்தது. வக்கீல் சுகிர்தா ஏற்பாடு செய்தது. சீனியம்மாளை யாரும் கூப்பிடவில்லை. இரண்டு வருடமாக இருமல், நாலு எட்டு நடந்தால் இழுப்பு. காசநோய் இல்லை என்று பெரியாஸ்பத்திரியில் சொல்லிவிட்டார்கள். "படம் சும்மாதான எடுக்காவ, எனக்கும் ஒண்ணு எடுக்கட்டுமே" என்று புருஷன் பின்னாலேயே வந்து வரிசையில் நின்றுவிட்டாள். அந்த ஒரு படத்துக்குப் பிறகு திருநெல்வேலிக்குப் போய் ஸ்கேன் எடுத்தார்கள். சந்தேகத்துக்கு இடமில்லாமல் போயிற்று.

"ஆஸ்பெஸ்டாஸ் தூசிம்மா. நுரையீரல்ல போயித் தங்கி, உள்ள எல்லாம் வடுவாயிருச்சு. இனி அது குறையாது. கூடாமப் பாத்துக்கிடலாம்" என்றார் டாக்டர்.

சீனியம்மாள் நம்பவில்லை. "நம்ம வீடு காங்கிரீட் போட்ட மெத்தை வீடுல்லா டாக்டரே? ஆஸ்பெட்டாஸ் சீட்டை நாங்க மாட்டுத் தொழுவுக்குக்கூடப் போட்டது கெடையாதே!"

டாக்டருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. கூட இருந்த நர்ஸும் சிரித்தாள். இசக்கிராஜா சிரிக்கவில்லை. ஆஸ்பெஸ்டாஸ் என்றால் கூரைக்குப் போடும் சீட்டு, அது மட்டும்தான் அவளுக்குத் தெரியும். அந்தச் சாமானுக்குத் தமிழில் இன்னொரு பேர் உண்டு. அந்தப் பேர் மட்டும் அவள் காதில் விழுந்தால் அடுத்த நொடியே எல்லாம் புரிந்துவிடும். விழாத வரைக்கும் அவர் தப்பித்தார். அறுபத்துமூன்று வயதில் ஒரு மனிதனின் மானம் ஒரு வார்த்தையில் தொங்கிக்கொண்டிருந்தது.

அந்தப் பேர் கல்நார்.

உலைக் கதவின் இடுக்கு வழியாக அனல் வெளியே வராமல் அடைப்பதற்குக் கட்டைவிரல் தண்டிக்கு வெள்ளை வெளேரென்று ஒரு கயிறு உண்டு. தீயில் போட்டாலும் எரியாது. ஆலையின் ஸ்டோரில் தமிழ்ப்பற்று மிகுந்த அதிகாரி ஒருவர் இருந்தார். ஒவ்வொரு சாமானுக்கும் தமிழில் பேர் எழுதி ஒட்டுவது அவருக்கு ஒரு பொழுதுபோக்கு. மற்றப் பேரெல்லாம் ஒருத்தர் வாயிலும் நிற்கவில்லை, இந்தக் கல்நார் மட்டும் நின்றுவிட்டது. பூச்சந்தைக்குப் பேர்போன சங்கரன்கோவில்காரனுக்கு நார் என்றால் விளக்கம் சொல்ல வேண்டுமா? பிச்சியும் மல்லியும் கேந்தியும் வாழைநாரில் ஏறித்தானே ஊர் ஊராகப் போகின்றன. வாழைநார் தெரிந்தவனுக்குக் கல்நார் ஒரு பயமுமில்லாத வார்த்தை. நார்தானே, என்ன செய்துவிடும்?

சீனியம்மாள் அப்போது வீட்டில் இருந்தபடியே சந்தைக் கடைக்குப் பூக் கட்டிக் கொடுத்துக்கொண்டிருந்தாள். கோடை வந்தால் வாழைநார் காய்ந்து பட்டுப் பட்டென்று அறுந்து போகும், அவளும் நாரைத் திட்டித் தீர்ப்பாள். ஒருநாள் இசக்கிராஜா அந்தக் கயிற்றில் ஒரு முழம் கொண்டு வந்து கொடுத்தார். அவள் முறுக்கைப் பிரித்தாள், இழை இழையாகக் கிழித்தாள், தண்ணீரில் நனைத்தாள். பஞ்சு போலிருந்தது. காம்பை அறுக்கவில்லை. குடித்த தண்ணீரைப் பிடித்து வைத்துக்கொண்டது. காலையில் கட்டிய மல்லி பொழுது சாயும் வரை வாடாமல் கிடந்தது.

"இது என்ன நாருங்க?"

"கல்நாரு. கம்பெனியில நல்லா வேலை பாக்குற ஆளுக்குக் குடுக்காவ."

யாரும் கொடுக்கவில்லை. சட்டைக்குள் இடுப்பைச் சுற்றி நாலு சுற்றுச் சுற்றிக்கொண்டு, வயிற்றை எக்கி, காவலாளிக்கு ஒரு சிரிப்பைப் போட்டுவிட்டு வெளியே வருவார். அவ்வளவுதான் கம்பெனி கொடுத்த லட்சணம். பூவோடு சேர்ந்த நாரும் மணக்கும் என்பார்கள். சீனியம்மாள் கையில் சேர்ந்த பிறகு களவாண்ட நாருக்குக்கூட மரியாதை வந்தது. தெருவில் பூக் கட்டும் பெண்கள் ஒவ்வொருவராக வந்து கேட்டார்கள். அவளும் கை நிறையக் கொடுத்தாள். "எங்க வீட்டுக்காரருக்குக் கம்பெனியில குடுத்ததாக்கும்" என்று ஒரு வார்த்தை சேர்த்துத்தான் கொடுத்தாள். மத்தியான வேளையில் ஐந்தாறு பேர் வட்டமாக உட்கார்ந்து கயிற்றைப் பிரிப்பார்கள். மடியிலும் புருவத்திலும் வெள்ளையாகப் பொடி படிந்திருக்கும். முந்தானையால் தட்டிவிட்டுக்கொண்டு அடுத்த கதையைப் பேசுவார்கள். இசக்கிராஜா தெருவில் நடந்தால் "அண்ணாச்சி, அண்ணாச்சி" என்று ஒரே உபசாரம். அவருக்கு அது பிடித்திருந்தது. மறைப்பானேன், ரொம்பவே பிடித்திருந்தது.

இரண்டாயிரத்து மூன்றில் பொங்கல் கழிந்த மறுநாள், ஸ்டோர் பொறுப்பில் இருந்த கடையநல்லூர் தாஹா அவர் இடுப்பைப் பார்த்துவிட்டார். நல்ல மனிதர், சத்தம் போடவில்லை. குடோனுக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார்.

"களவாண்டது போவட்டும் வே, அதை நான் யாருட்டயும் சொல்லல. ஆனா இந்தச் சாமானை வீட்டுக்குள்ள ஏத்தாதீரும். இந்தத் தூசி மூச்சுல உள்ள போனா வெளிய வராதாம். எங்க மச்சான் சவுதியில பாத்திருக்காரு, அங்கன மூஞ்சியை மூடிக்கிட்டுல்லா இதைத் தொடுதானுவ. கம்பெனிக்கும் இது தெரியும் வே. ஆபீசுக்குக் கடுதாசி வந்தது, நானே பாத்தேன். வாயைத் தொறக்கக் கூடாதுன்னுட்டாவ. வேண்டாம், சொன்னாக் கேளும்."

கேட்டாரா? ஒரு மாதம் கேட்டார். நார் வராத அந்த ஒரு மாதத்தில் தெருப் பெண்கள் வந்து வந்து வெறுங்கையோடு திரும்பினார்கள். ஒருநாள் சோறு போட்டுக்கொண்டே சீனியம்மாள் மெதுவாகக் கேட்டாள். "ஏங்க, கம்பெனியில உங்க மேல எதுவும் கோவமா? மத்தவுகளுக்கெல்லாம் நார் குடுக்காவளா?"

களவு என்று சொல்ல வாய் வரவில்லை. கோபம் என்று சொல்லவும் மானம் விடவில்லை. மறுநாள் இடுப்பில் ஆறு சுற்று. ஆலையில் அந்தக் கயிற்றையே நிறுத்திவிட்டு வேறு சாமானுக்கு மாறுகிற வரைக்கும், தெரிந்த பிறகும் ஐந்து வருடம், அவர் கொண்டுவந்துகொண்டேயிருந்தார். அவளுக்கு ஒன்றும் ஆகாது என்று நினைத்தாரா என்றால், நினைக்காமலே இருந்துவிட்டார் என்பதுதான் நிஜம். அது கொஞ்சம் பழகினால் ரொம்பச் சுலபம்.

வக்கீல் சுகிர்தாவின் அலுவலகம் கோர்ட்டுக்கு எதிரே மாடியில் இருந்தது. பதினெட்டுப் படி. சீனியம்மாள் மூன்று இடத்தில் நின்று மூச்சு வாங்கிக்கொண்டுதான் ஏறினாள். அவள் நிற்கும்போதெல்லாம் இசக்கிராஜாவும் நின்றார். தனக்கு மூச்சு வாங்கவில்லையே என்பது அவருக்கு வெட்கமாக இருந்தது. பொய்க்காகவாவது இரண்டு தடவை இருமிக்கொண்டார்.

வக்கீலுக்கு நாற்பது வயதிருக்கும். சுற்றி வளைக்காமல் பேசுகிறவர்.

"அண்ணாச்சி, இதே நோய் உங்களுக்கு வந்திருந்தா வழி நேரா இருக்கு. தொழில்ல வர்ற நோய்னு சட்டத்துலயே பேர் சொல்லி எழுதியிருக்கான். ஈ.எஸ்.ஐ. இருந்தா அங்க கேக்கணும், இல்லன்னா தொழிலாளர் இழப்பீட்டு ஆணையர்ட்டப் போவணும். வேலையை விட்டு எத்தனையோ வருசம் கழிச்சு நோய் தெரிஞ்சாலும் கேக்கலாம். உங்ககூட வேலை பாத்தவங்க நாலு பேருக்கு அப்படித்தான் போட்டிருக்கேன். ஆனா வீட்டம்மாவுக்கு வந்தா அந்தச் சட்டத்துல இடமே இல்ல. அவங்க தொழிலாளி இல்லையே."

"பின்ன இவளுக்கு ஒண்ணும் கெடையாதா மேடம்?"

"சிவில் கோர்ட்டுல நஷ்டஈடு கேட்டு வழக்குப் போடலாம். கம்பெனி மூடுனாலும் முதலாளி குடும்பம் வேற ஊர்ல இன்னொரு ஆலை நடத்திட்டுத்தான் இருக்கு. ஆனா அவங்க அஜாக்கிரதையாலதான் இவங்க உடம்பு கெட்டுதுன்னு நாமதான் நிரூபிக்கணும். அந்தத் தூசி உங்க வீட்டுக்குள்ள எப்படி வந்துதுன்னு சொல்லணும். பெரும்பாலும் துணி வழியாத்தான் வரும். உங்க காக்கியை அம்மாதான உதறித் துவைச்சாங்க?"

பதிலையும் அவரே கையில் எடுத்துக் கொடுத்துவிட்டார். இசக்கிராஜா தலையை ஆட்டினார்.

சீனியம்மாள் சட்டென்று திரும்பி அவர் முகத்தைப் பார்த்தாள். இருபத்தாறு வருடத்தில் ஒருநாள்கூட அவர் காக்கியை அவளிடம் கொடுத்ததில்லை. எண்ணெயும் கரியும் அப்பிய துணி. ஆலைத் தொட்டியிலேயே காரச் சோப்புப் போட்டுத் தானே கசக்கிக் காயவைத்துவிட்டுத்தான் வருவார்.

"அந்தத் தூசி கெடுதல்னு உங்ககிட்ட யாராவது சொன்னாங்களா?" என்று கேட்டார் வக்கீல்.

"இல்ல மேடம்."

"கம்பெனிக்கு முன்னாலயே தெரியும்னு சொல்ல ஒரு சாட்சி கெடைச்சா கேஸ் நிக்கும். ஸ்டோர்ல இருந்தது யாரு?"

"தாஹான்னு ஒருத்தரு. அவரு மவுத்தாயிட்டாரு."

கடையநல்லூரில் பேரப்பிள்ளைகளைப் பள்ளிக்கூட வேனில் ஏற்றிவிட்டுக்கொண்டு திடகாத்திரமாக இருந்த தாஹாவை ஒரே வார்த்தையில் கொன்றாயிற்று. போன மாதம்தான் பஸ் ஸ்டாண்டில் பார்த்து இரண்டு பேரும் டீ குடித்திருந்தார்கள்.

கீழே இறங்கியதும் சீனியம்மாள் கேட்டாள். "என்னைக்குங்க நான் உங்க சட்டையைத் துவைச்சேன்?"

"கேஸுக்கு அப்படித்தான் சொல்லணும் போலிருக்கு. வக்கீலே கேக்காவல்லா."

பொய் சொன்னால் சீனியம்மாளுக்குப் பிடிக்காது. கடைக்காரர் ஐந்து ரூபாய் கூடக் கொடுத்துவிட்டால்கூடத் திரும்ப நடந்து போய்க் கொடுத்துவிட்டு வருகிறவள். ஆட்டோவில் ஏறி உட்கார்ந்த பிறகு அவர் கையைத் தொட்டு, "எனக்காவ இந்த வயசுல பொய்யெல்லாம் சொல்ல வேண்டியிருக்கு உங்களுக்கு" என்றாள். அவள் கண் கலங்கியிருந்தது.

திருடனுக்குத் தேள் கொட்டினால் கத்தவா முடியும்? அவர் ரோட்டைப் பார்த்துக்கொண்டு வந்தார். அன்று மத்தியானம் அவள் மீன் குழம்பு வைத்து, நடுத்துண்டை அவர் தட்டில் வைத்தாள். சிவகிரியில் கட்டிக்கொடுத்திருக்கும் மகள் வேல்விழி போன் போட்டபோது, "உங்கப்பா எனக்காவ ரொம்ப அலையுதாக மக்கா" என்று பெருமையாகச் சொன்னாள். இசக்கிராஜா அந்தத் துண்டைத் தட்டின் ஓரத்துக்கு ஒதுக்கினார். திட்டு வாங்கியிருந்தால் தின்றிருப்பார். செய்யாத நல்லதுக்குக் கிடைத்த துண்டு அது, முள்ளில்லாமலே குத்தியது. சொல்லிவிடலாமா என்று அன்று மூன்று தடவை வாயைத் திறந்தார். மூன்று தடவையும் "கொஞ்சம் தண்ணி குடு" என்றுதான் வந்தது.

பத்து நாள் கழித்து வக்கீல் கூப்பிட்டு அனுப்பினார். மனு தயார். கூடவே சத்தியப் பிரமாணப் பத்திரம். அதில் இரண்டு பேரும் கையெழுத்துப் போட வேண்டும்.

"எங்க போடணும்னு காட்டுங்க மேடம்" என்று இசக்கிராஜா பேனாவை எடுத்துவிட்டார்.

"இருங்க அண்ணாச்சி. அம்மாவுக்காகத்தான் தமிழ்லயே தயார் பண்ணியிருக்கேன். சத்தியம் பண்ணுற கடுதாசி, படிச்சுக் காட்டாம நான் யாருட்டயும் கையெழுத்து வாங்க மாட்டேன்."

"வேண்டாம் மேடம், நாங்க உங்களை நம்புதோம். இவளுக்கு ரொம்ப நேரம் உக்கார முடியாது."

"எனக்கென்ன, உக்காருதேன். வாசிங்க மேடம்" என்றாள் சீனியம்மாள். தன் பேரில் ஒரு கடுதாசி வாசிக்கப்படுவது அவளுக்கு வாழ்க்கையிலேயே முதல் தடவை. முந்தானையைச் சரி செய்துகொண்டு நிமிர்ந்து உட்கார்ந்தாள்.

வக்கீல் வாசித்தார். பேர், வயது, கதவு எண். "எனது கணவர் மேற்படி ஆலையில் உலைப் பிரிவில் பணிபுரிந்தார்" என்று வந்தது. ஆஸ்பெஸ்டாஸ் என்றே எழுதியிருக்க வேண்டும் என்று இசக்கிராஜா சங்கரலிங்கசாமியை வேண்டிக்கொண்டார். இந்த மாதிரி வேண்டுதலையெல்லாம் சாமி காதில் வாங்குவதில்லை.

"மேற்படி ஆலையில் உலைக்கதவின் இடைவெளிகளை அடைப்பதற்குக் கல்நார்க் கயிறுகள் பயன்படுத்தப்பட்டன. கல்நாரின் தூசியானது எனது கணவரின் வேலை உடைகளில் படிந்து..."

"நில்லுங்க மேடம்" என்றாள் சீனியம்மாள். "என்னமோ நாருன்னீங்களே, இன்னொரு வாட்டி சொல்லுங்க."

"கல்நாரும்மா. ஆஸ்பெஸ்டாஸுக்குத் தமிழ்ல கல்நார்னுதான் பேரு."

சீனியம்மாள் புருஷனைப் பார்க்கவில்லை. தன் வலது கைக் கட்டைவிரல் நகத்தைப் பார்த்தாள். கிழித்துக் கிழித்து நடுவில் ஒரு பள்ளம் விழுந்த நகம். பிறகு விரலை மடக்க ஆரம்பித்தாள்.

"நான் ஒண்ணு. முப்பிடாதி ரெண்டு. மேலவீட்டு மாரி மூணு. அவ நாத்தனா நாலு. கதீஜம்மா அஞ்சு." அடுத்த விரலுக்கு வந்தபோது அதை மடக்காமல் பிடித்துக்கொண்டாள். "எம் மக வேலு."

வக்கீலுக்கு ஒன்றும் புரியவில்லை. "என்னம்மா கணக்கு?"

"இந்தக் கடுதாசி தப்பு மேடம். இவுக காக்கிச் சட்டையை நான் தொட்டதே கெடையாது. நான் கட்டுன நாரு அது. என் கையால பிரிச்சு, தெருவுக்கே நான்தான் குடுத்தேன்." சொல்லி முடிப்பதற்குள் மூச்சு வாங்கிவிட்டது. இருமினாள். இருமி ஓய்ந்தபின், "மிச்சத்தை அவுகட்டக் கேளுங்க" என்றாள்.

இசக்கிராஜா சொன்னார். இடுப்பில் சுற்றியதையும், கம்பெனி கொடுத்தது என்று சொன்னது பொய் என்பதையும், தாஹா உயிரோடு இருப்பதையும் சொன்னார். மேஜையின் விளிம்பைப் பார்த்துக்கொண்டேதான் சொன்னார். தாஹா குடோனுக்குப் பின்னால் வைத்துச் சொன்னதை மட்டும் சொல்லவில்லை. எல்லாத் துணியும் அவிழ்ந்த பிறகும் ஒரு கோவணத்தையாவது பிடித்துக்கொள்ளத்தானே மனிதனுக்குத் தோன்றுகிறது.

வக்கீலுக்குக் கோபம். "உயிரோட இருக்கிற மனுசனைச் சாகடிச்சிட்டீங்களே அண்ணாச்சி! இதைக் கோர்ட்டுல எதிர்த்தரப்பு கண்டுபிடிச்சிருந்தா அம்மாவை அங்கேயே பொய்க்காரின்னு ஆக்கியிருப்பாங்க." பத்திரத்தைக் குறுக்கே கிழித்தார். பிறகு சீனியம்மாளிடம் தணிந்த குரலில் சொன்னார். "கேஸ் செத்துப் போகல அம்மா. களவுங்கிறதை அவங்க பிடிச்சுக்கிடுவாங்க, அதனால கேஸ் நொண்டும். ஆனா விசத்துக்கு அழகாப் பேரை எழுதி ஒட்டிட்டு, விசம்னு எழுதாம விட்டது அவங்க தப்புதான். கெடுதல்னு கம்பெனிக்கு அப்பவே தெரியும்னு ஒருத்தர் சொன்னாப் போதும், நிமிந்துரும். அந்தத் தாஹா என்ன சொல்லுதாருன்னு பாப்போம். முதல்ல மத்த நாலு பேரையும் சோதனைக்குக் கூட்டிட்டு வாங்க. உங்க மகளையும்."

படியிறங்கும்போது இசக்கிராஜா கையை நீட்டினார். அவள் பிடிக்கவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு பதினெட்டுப் படியையும் தானே இறங்கினாள். வீட்டு வாசலில் ஆட்டோவை விட்டு இறங்கியவள் உள்ளே போகாமல் தெருவில் நின்றாள்.

"முப்பிடாதி வீட்டுக்கு வாங்க. நீங்கதான் சொல்லணும். நான் சொல்ல மாட்டேன்."

முப்பிடாதி நாலு வீடு தள்ளி இருந்தாள். இன்னும் பூக் கட்டுகிறவள்தான். கூடை நிறையக் கேந்தியைக் கொட்டி வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தவள், இருவரையும் பார்த்ததும் முகம் மலர்ந்து எழுந்தாள்.

"வாங்க அண்ணாச்சி, வாங்க மதினி! பாத்து எத்தனை நாளாச்சு. இந்தா பாருங்க, இந்த நாரு படுத்துத பாட்டை. நீங்க கம்பெனியில இருந்து கொண்டாந்து குடுப்பீங்களே, அது மாதிரி ஒரு நாரு இப்பம் எங்கன கெடைக்கு? நேத்துகூட அதைத்தான் பேசிக்கிட்டிருந்தோம்."

செருப்பால் அடித்திருந்தால் இதைவிடக் குறைவாகத்தான் வலித்திருக்கும். இசக்கிராஜா நாற்காலியில் உட்காரவில்லை. நின்றுகொண்டே சொன்னார். களவை முதலில் சொன்னார், நோயை அப்புறம் சொன்னார். சொல்லச் சொல்ல முப்பிடாதியின் கையில் இருந்த பூ அப்படியே நின்றது. அவளுக்கும் போன மழைக்காலத்திலிருந்து நெஞ்சில் ஏதோ அடைப்பு. வாயு என்று இஞ்சிச்சாறு குடித்துக்கொண்டிருந்தாள்.

"உங்களுக்கும்தான் என்ன தெரியும் அண்ணாச்சி" என்றாள் அவள். "நீங்க நல்லதுன்னு நெனச்சுத்தான கொண்டாந்தீங்க. இப்பம் டாக்டர் சொல்லித்தான உங்களுக்கே தெரியும்?"

மறுபடியும் ஒரு பதில் தானாக வந்து கையில் விழுந்தது. வக்கீலிடம் ஆட்டிய மாதிரி ஒரு தலையாட்டல் போதும். களவாணி என்ற பேரோடு போய்விடும். வயிற்றுக்காகக் களவாண்டவனை இந்தத் தெரு என்றைக்காவது ஒருநாள் மன்னித்துவிடும். சீனியம்மாள் வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டு, தரையைப் பார்த்தபடி மூச்சுவிட்டுக்கொண்டிருந்தாள். உள்ளே போவதும் வெளியே வருவதுமாக அந்த மூச்சு தடுக்கித் தடுக்கிக் கேட்டது. அவள் இந்தக் கேள்வியை வக்கீல் அலுவலகத்திலும் கேட்கவில்லை, வழியிலும் கேட்கவில்லை. கேட்கப் பயந்திருக்கிறாள் என்பது அவருக்கு அப்போதுதான் உறைத்தது.

"இல்லம்மா" என்றார் இசக்கிராஜா. "எனக்கு ரெண்டாயிரத்து மூணு பொங்கலுக்கே தெரியும். ஸ்டோர்காரரு தாஹா சொன்னாரு. கம்பெனிக்கே தெரியும்னும் சொன்னாரு. அதுக்குப் பொறவும் அஞ்சு வருசம் கொண்டாந்தேன்."

முப்பிடாதி பூவைக் கூடைக்குள் போட்டாள். வெறும் கையைச் சேலையில் துடைத்தாள், திரும்பத் திரும்பத் துடைத்தாள். 'அண்ணாச்சி' என்று ஆரம்பித்து, அதை முடிக்காமல் விட்டாள்.

சீனியம்மாள்தான் பேசினாள். கோபமாகக்கூட இல்லை. கணக்குப் பார்க்கும் குரலில் சொன்னாள்.

"வேலு பூக் கட்டப் படிச்சது அந்த வருசத்துக் கோடை லீவுல. நாலாப்பு முடிச்சிருந்தா."

அவள் வாசல் நிலையிலிருந்து கையை எடுத்தாள்.

"நான் வேண்டாம்னேன், பிள்ளை வெளையாடட்டும்னேன். நீங்கதான் அவளைக் கூப்பிட்டு உக்கார வச்சு, அவ மடியில நாரைப் போட்டுப் பிரிக்கச் சொல்லிக் குடுத்தீக."

"ஆமா" என்றார். அந்தக் கணக்கை அவர் இருபத்தொரு வருடத்துக்கு முன்னாலேயே போட்டுப் பார்த்துவிட்டு மறந்தது போல இருந்தவர். மகள் பிரித்த இழை எத்தனை என்றுகூடச் சொல்லுவார். பேர் கெட்டுவிடக் கூடாது, வீட்டில் எல்லாம் எப்போதும் போல நடக்கிறது என்று தனக்கே காட்டிக்கொள்வதற்காக அன்று அவர் அதைச் செய்தார். வேறு காரணம் எதுவும் இல்லை. பூமி பிளந்து உள்ளே இழுத்துக்கொள்ளாதா என்று நின்றார். பூமிக்கு அப்படியொரு அவசரமும் இருக்கவில்லை.

சீனியம்மாள் இடுப்பில் செருகியிருந்த போனை எடுத்தாள். கண்ணுக்குக் கிட்டத்தில் வைத்து, மகளின் பேரைத் தேடி அமுக்கினாள். அவர் கையைப் பிடித்து, விரித்து, அதில் போனை வைத்தாள்.

"தாஹா சொன்னதையும் வக்கீல்ட்ட நாளைக்கு நீங்களே போயிச் சொல்லுங்க. அது கேஸு. இது முதல்ல."

மணி இரண்டு தடவை அடித்தது. எடுக்காமல் இருந்துவிடக் கூடாதா என்று நினைத்தார். மூன்றாவது மணிக்கு எடுத்துவிட்டாள்.

"சொல்லுங்கப்பா" என்றாள் வேல்விழி.